பிரஷ்ய வீரரின் மிலிட்டேர்பாஸில் பார்கோடு ஒட்டியது பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: பிரஷ்யக் காலாட்படை வீரரின் மிலிட்டேர்பாஸ் (படைச் சேவை ஏடு), 140 யூரோ

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

இது என் ஆறாவது கடிதம். முதல் ஐந்துக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. காணாமல் போன ஒரு தாளைக் கேட்டேன்.

"போர்க்கால அழைப்புச் சீட்டுடன்" என்று உங்கள் பட்டியலில் போட்டிருந்ததால்தான் வாங்கினேன். வந்த ஏட்டில் சீட்டு இல்லை. பசை காய்ந்த பழுப்புத் தடம் மட்டும் இருந்தது. அது போதாதென்று, அவர் சண்டையிட்ட இடங்களைப் படை எழுத்தர் எழுதிய பக்கத்தின் மேலேயே உங்கள் கிடங்கின் பார்கோடு ஒட்டப்பட்டிருக்கிறது. பிரான்சின் போர்க்களமான 'சொம்' என்ற பெயரில் பாதி வெளியே தெரிகிறது. அடுத்த மூன்று வரிகள் ஸ்டிக்கருக்கு அடியில்.

"உரித்து எடுத்துவிடுங்கள்" என்றார் தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர். உரித்தால் மையும் கூடவே வந்துவிடும் என்பது பழந்தாள் விற்பவருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? சீட்டைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "இலட்சக்கணக்கான பேருக்குக் கொடுத்ததுதானே, இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

முதல் உலகப் போர்ப் படைதிரட்டலின் எத்தனையாவது நாளில் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கும். முதல் நாள் 1914 ஆகஸ்ட் 2. இவர் என்றைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார் என்பது சீட்டோடு போயிற்று. பவேரிய வீரர் என்றால் மியூனிக் காப்பகத்துப் படைப் பதிவேட்டைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வேன். பிரஷ்யப் பதிவேடுகளோ 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோயின. அந்த நெருப்பு விட்டுவைத்த மனிதரை உங்கள் கிடங்கு முடித்துவைத்தது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

காசலில் உள்ள உங்கள் கடைக்கு வந்த பயணத்தைச் சொல்லவில்லை பாருங்கள். அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு முந்தைய நாள் அது. "சீட்டு கிடைத்துவிட்டது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று நீங்களே மின்னஞ்சல் அனுப்பினீர்கள். ஹம்பர்க்கிலிருந்து இரயிலேறி வந்தால், "இருப்புக் கணக்கெடுப்பு, விடுமுறை" என்று கதவில் ஒரு தாள். மழை வேறு. உள்ளே விளக்கு எரிந்தது. ஒருவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், கையை ஆட்டினார், உள்ளே போய்விட்டார். டிக்கெட்டுக்கு மட்டும் 96 யூரோ.

இப்போது, திருப்பி அனுப்பும் 14 நாள் கெடு முடிந்துவிட்டது என்கிறீர்கள். அதில் 11 நாளைத் தின்றது நீங்கள். தவிர, மனம் மாறித் திருப்புவது வேறு, குறையுள்ள பொருளை விற்றது வேறு. சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல.

நான்கு ஆண்டுகளாக உங்களிடம் வாங்குகிறேன். சண்டை போட விருப்பமில்லை. தயவுசெய்து சீட்டைத் தேடுங்கள். படமெடுத்த ஸ்கேனரின் மூடிக்குள்ளும் பாருங்கள். ஆவணப் பராமரிப்பாளரைக் கொண்டு ஸ்டிக்கரை எடுக்கும் செலவையும் பயணச் செலவையும் தாருங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆலோசனை மையத்துக்கும், அதன்பின் நீதிமன்றத்துக்கும் போவேன். மின்னஞ்சல்கள் அனைத்தும் பத்திரமாக இருக்கின்றன.

பதில் சொல்ல யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள், அந்தச் சிரித்தவரைத் தவிர.

இப்படிக்கு,
ஹம்பர்க் வாடிக்கையாளர்