‘மூவாயிரம் ஆண்டுப் பகை’ என்று தொடங்கும் நெறியாளர்களுக்கு

தமிழ்த் தொலைக்காட்சிகளின் விவாத நெறியாளர்களுக்கு, வணக்கம்.

காசா பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் உங்களில் பலர் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறீர்கள்: “அரபிகளுக்கும் யூதர்களுக்கும் மூவாயிரம் ஆண்டுப் பகை.” கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொன்ன நொடியே, யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடெஸ் என்ற யூத அறிஞர், எகிப்தை ஆண்ட முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீனின் அரசவையில் மருத்துவராக இருந்தார். தத்துவத்தை அரபியில் எழுதினார். 1492இல் ஸ்பெயின் துரத்திய யூதர்களுக்குத் துருக்கியரின் உதுமானியப் பேரரசு இடம் கொடுத்தது. எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. யூதர்கள், முஸ்லிமல்லாதவர்களுக்கான ஜிஸ்யா வரி கட்டிய இரண்டாந்தரக் குடிகள்தான். அவ்வப்போது கலவரங்களும் நடந்தன. ஆனால் இன்றைய சண்டை அங்கிருந்து வரவில்லை.

அது ஐரோப்பாவில் தொடங்குகிறது. 1881 முதல் ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீது அலை அலையாகத் தாக்குதல். 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தியோடர் ஹெர்ஸல் முதல் சியோனிச மாநாட்டைக் கூட்டினார். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்பதுதான் சியோனிசம். பாலஸ்தீனத்துக்கு வந்தவர்கள் பணம் கொடுத்துத்தான் நிலம் வாங்கினார்கள். சிக்கல், யாரிடம் வாங்கினார்கள் என்பதில். அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட உதுமானியர்களின் 1858 நிலச் சட்டத்துக்குப் பிறகு ஏராளமான நிலம் நகரத்துப் பணக்காரர்கள் பெயரில் பதிவாகியிருந்தது. வட பாலஸ்தீனத்தின் மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியில் தன்னிடமிருந்த நிலத்தை பெய்ரூட்டின் சுர்சுக் குடும்பம் 1920களில் ஊர் ஊராக விற்றது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் வயலை உழுதவர் இல்லை. உழுத குத்தகைக் குடியானவர் காலி செய்ய வேண்டியதாயிற்று. கையிலிருந்த குத்தகை போன வீடு எப்படியிருக்கும் என்று தஞ்சாவூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம் பிரிட்டன். 1917 நவம்பர் 2 தேதியிட்ட பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபரின் கடிதம், யூதர்களுக்கு அங்கே ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவு தந்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அரபிகள். அவர்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘யூதரல்லாத சமூகங்கள்’ என்றது. குடிமை உரிமை, சமய உரிமை உண்டாம். அரசியல் உரிமை பற்றிப் பேச்சே இல்லை. பிரிட்டிஷ் அமைச்சரவையில் இதைக் கடுமையாக எதிர்த்தவர் எட்வின் மாண்டேகு. நம் பாடப்புத்தகத்து மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் அதே மாண்டேகுதான். அந்த அமைச்சரவையின் ஒரே யூதரும் அவரே!

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவை. 1929இல் பாலஸ்தீனத்தின் ஹெப்ரோன் நகரில் 67 யூதர்கள் கொல்லப்பட்டனர். யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய அரபுக் குடும்பங்களும் அதே ஊரில் இருந்தன. 1948 போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். 1950–51இல் இராக்கிலிருந்து மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் வெளியேறினார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது, முடிவெடுத்த ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த விவாதத்தை 1899இலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் ஜியா அல்-காலிதி அந்த ஆண்டு பிரான்ஸின் தலைமை ரபிக்கு (யூத மதகுருவுக்கு) ஒரு கடிதம் எழுதினார். அந்த மண்ணோடு யூதர்களுக்குள்ள வரலாற்று உறவை ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே வேறு மக்கள் வாழ்கிறார்கள், பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்று வேண்டினார். கடிதம் ஹெர்ஸல் கைக்குப் போனது. அங்குள்ளவர்களை வெளியேற்ற யார் நினைக்கப் போகிறார்கள் என்று ஹெர்ஸல் பதில் எழுதினார்.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவர்