ஏரியில் விடச் சொல்லாதீர்கள்: வண்ணமீன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் வண்ணமீன் கடைக்கார அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவரிடம் வந்து, முதலை மாதிரி நீண்ட வாயுள்ள என் அலிகேட்டர் கார் (gar) மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். “இவ்வளவு பெரிசை யார் வாங்குவா சார்? ராத்திரி போய் ஏரியில விட்டுடுங்க” என்றார். அதன்பின் ஏறி இறங்கிய இரண்டு கடைகளிலும் இதே பதில்தான்.

20 மாதத்துக்கு முன் வாங்கியபோது அது என் விரல் நீளம் இருந்தது. எவ்வளவு வளரும் என்று கேட்டேன். “தொட்டி அளவுக்குத்தான் சார் வளரும்” என்றீர்கள். வேறெங்கும் விசாரிக்காமல் வாங்கியது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினமும் மீனோடு புழங்கும் உங்களுக்குமா தெரியாது? 2011-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் வலையில் சிக்கிய ஒரு கார் மீன் எட்டடிக்கு மேல் நீளம், சுமார் 148 கிலோ எடை. எந்த வீட்டுக் கூடத்தில் அதற்குத் தொட்டி வைப்பது?

இன்றைக்கு என் தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம். மீன் இரண்டே கால் அடி. கவசம் போலச் செதில் மூடிய விறைப்பான உடம்பு அதற்கு. மற்ற மீன்கள் மாதிரி சட்டென்று வளையாது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் மூக்கு ஒரு கண்ணாடியிலும் வால் எதிர்க் கண்ணாடியிலும் உரசுகிறது. மேல்தாடை நுனி புண்ணாகி வெளுத்துவிட்டது. திடீரென்று வெளிச்சம் வந்தால் மிரண்டு போய் முட்டும். அதனால் ஒன்பது மணிக்கு மேல் கூடத்தில் விளக்குப் போடுவதில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தால் அம்மா சுவரைத் தடவிக்கொண்டேதான் சமையலறைக்குப் போகிறார். இருட்டிலும் சில ராத்திரி அந்த ‘டம்’ சத்தம் கேட்கும். அப்புறம் தூக்கம் வராது.

இதை ஏரியில் விட்டால் செத்துப்போகும் என்றும் நினைக்காதீர்கள். மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கிற மீன் இது. நம் ஊர் ஏரியின் கலங்கல் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். அங்கே இருக்கிற கெண்டையும் குரவையும் அதற்கு இரை.

2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆறுகளில் அரபைமா என்ற ராட்சத மீனும் கார் மீனும் பிடிபட்டன. 2023-இல் ஸ்ரீநகர் தால் ஏரியிலும் ஒரு கார் மீன் அகப்பட்டது. அமெரிக்கக் கண்டங்களின் மீன்கள் இவை, தாமாக நீந்தி வந்திருக்க முடியாது. அவ்வளவு தூரம் ஏன், ‘தொட்டியைச் சுத்தம் பண்ணும்’ என்று நீங்கள் விற்கும் சக்கர் மீன் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் பெருகிவிட்டது. அதன் முள்ளில் கிழிகிற வலைக்கு யார் காசு கொடுப்பது? மீனவர்தானே தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவுக்குப் பிறகும் மூன்று அங்குல ரெட் டெயில் கேட்ஃபிஷ் (சிவப்பு வால் கெளுத்தி) குஞ்சைப் பாலிதீன் பையில் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை கையில் கொடுக்கிறீர்கள். அது ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழைப்பைக் கெடுக்க இதை எழுதவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: இரை பிடிக்கும் பெரிய மீனை விற்றால், அது வளர்ந்தபின் நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். காசு தர வேண்டாம், கொண்டுவருகிற செலவும் எங்களுடையதாகவே இருக்கட்டும். ஒரு கடைக்குக் கட்டுப்படியாகாதென்றால் பத்துக் கடையும் சேர்ந்து ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி கட்டுங்கள், என் பங்குக்கு நானும் பணம் தருகிறேன். முடியாதென்றால் அந்தக் குஞ்சுகளை விற்காதீர்கள்.

வருகிற ஞாயிறு காலை மறுபடி கடைக்கு வருகிறேன். இந்தத் தடவை ஏரியைக் காட்டாமல், மீனை எடுத்துக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்