லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டியது. வேலை, குளிர் என்று தள்ளிப் போய்விட்டது. திட்டாதே.

உன் கடிதத்தைத் தபால்காரர் மாற்றி கீழ்வீட்டுப் பாட்டியின் கதவில் போட்டுவிட்டார். அவள் கொண்டுவந்த நேரம் பார்த்து நான் நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்ததும், "ஐ டிடின்ட் கம் அப் பிகாஸ் ஆஃப் த ஸ்மெல்" என்றாள். 'ஸ்மெல்'லில் குரல் இறங்கி, உடனே ஏறியது. அதனால், 'நான் வந்தது நாற்றத்துக்காக இல்லை, வேறு காரியமாக' என்று அர்த்தம். இதையே துண்டுச் சீட்டில் எழுதிக் கதவடியில் தள்ளியிருந்தால், நாற்றம் தாங்காமல்தான் மேலே வரவில்லை என்று படித்திருப்பேன். அப்படிச் சொல்வதென்றால் 'அப்' வந்ததும் குரல் சற்று நின்று, கடைசியில் இறங்கிவிடும்.

பாட்டியிடம் ஒரு குண்டு நாய். இங்கே பாதாள ரயில் எஸ்கலேட்டரில் 'டாக்ஸ் மஸ்ட் பி கேரீட்' என்று போர்டு இருக்கும். நாயோடு வருகிறவர்கள் அதைத் தூக்கிக்கொள்ள வேண்டுமாம். பாட்டி மூச்சு வாங்கத் தூக்குவாள். 'கேரீட்'டை அழுத்திச் சொன்னால் சரி. 'டாக்ஸ்'ஸை அழுத்திச் சொல்லிப் பார், நாய் இல்லாதவன் ஏறவே கூடாது என்றாகிவிடும். கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பையன், "நாய்க்கு எங்க போறது அண்ணை?" என்று சிரிப்பான்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இங்கே முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது, விலையைக் கேட்காதே. ஹீட்டர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டால் போதும்.

"பணம் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறாய். திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். கோபமா, நிஜமாகவே பரவாயில்லையா? நீ திண்ணையில் பூக் கட்டிக்கொண்டே சொல்லியிருந்தால் 'பணம்' என்றதுமே தெரிந்திருக்கும். அந்தத் திண்ணையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால் போதும் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன். அத்தான் பக்கத்தில் இல்லாதபோது அதை வாயால் சொல்லு.

அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே. பணம் மாதக் கடைசிக்குள் வந்துவிடும், கொஞ்சம் பேங்க் வேலை, அவ்வளவுதான்.

சித்தப்பா எழுதிக் கொடுத்த தாளில் 'வடபுறமுள்ள கிணறும் தோட்டமும்' என்று இருக்கிறதாமே. வடபுறம் என்பது கிணற்றுக்கு மட்டுமா, தோட்டத்துக்குமா? அவர் வாயால் சொல்லும்போது விளங்கும். பதிவு ஆபீசில் தாளைத்தான் பார்ப்பார்கள். சர்வே நம்பரும் நான்கு எல்லையும் போடாமல் அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதே. முத்துவைக் கேட்டால் டைப் அடித்துத் தருவான். மூலப் பத்திரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் தம்பி