டபுள் டூட்டி மாப்ளைக்கு

அன்பு மாப்ள,

உனக்கு பஸ் டிரைவர் வேலை கிடைத்ததை உன் தங்கச்சி ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ரொம்ப சந்தோஷம், இதில் கோபமும் பாதி. காக்கிச் சட்டையில் அப்படியே உங்க அப்பா. தொப்பை ஒன்றுதான் பாக்கி. அம்மாவைக் கேட்டதாகச் சொல். ட்ரீட்டைப் பொங்கலுக்கு வசூல் பண்ணிக்கொள்கிறேன்.

நந்தனத்தில் படிப்பு நன்றாகப் போகிறது. 1920-ல் ஹாரி பக் என்ற அமெரிக்கர் ஆரம்பித்த உடற்கல்விக் கல்லூரி. ஊரில்தான் மதிப்பில்லை. "விசில் ஊதத்தானே போயிருக்கே?" என்கிறார்கள். பெரியப்பா ஒரு படி மேலே போய், "ஜிம் வைக்க எதுக்குடா டிகிரி?" என்கிறார். ஒல்லி அதற்குச் சிரித்தான் பார், அவனை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உடல்நலப் பாடத்தில் லண்டன் பஸ் ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். கேட்டதிலிருந்து உன் நினைப்புதான். ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் வெளியிட்டது. பெரும்பாலும் மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே டிப்போ, ஒரே ரோடு. ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம். கண்டக்டர்களுக்கு அது வந்தாலும் வயது தள்ளித்தான் வந்தது, உயிரைப் பறிப்பதும் குறைவு.

மனுஷன் அதோடு விடவில்லை. யூனிபார்ம் தைத்த கணக்கை வாங்கி பேன்ட் இடுப்பளவைப் பார்த்தார். இளவயது டிரைவர்களுக்கே இடுப்பு பெருத்திருந்தது! வேலையில் சேரும்போதே அப்படி இருந்திருந்தால் எல்லாப் பழியையும் சீட் மேல் போட முடியுமா? வகுப்பில் பெரிய சண்டை. பிற்பாடு அவரே ஆபீஸ் உத்தியோகஸ்தர்களை வைத்தும் ஆராய்ந்தார். ஓய்வு நேரத்தில் நன்றாக மூச்சு வாங்க உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது.

உங்க அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாயே, அந்த மூஞ்சியை என்னால் மறக்க முடியவில்லை. இப்போது நீயும் அதே சீட்டில் உட்கார்ந்திருக்கிறாய்.

பயப்படாதே, "விடியற்காலை எழுந்து ஓடு" என்று உபதேசிக்க மாட்டேன். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நட என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நானும் சொல்லலாம். டபுள் டூட்டி முடித்து வந்தவனிடம் அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கும். 1986-ல் கனடாவின் ஒட்டாவாவில் அந்த நிறுவனம் கூட்டிய மாநாட்டில் எழுதிய ஆரோக்கிய சாசனமும் இதைத்தான் பேசுகிறது: ஆளைத் திருத்துவது மட்டும் போதாது, அவன் வேலை செய்யும் இடமும் மாற வேண்டும். கழிப்பறை ஒழுங்காக இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் வண்டி ஓட்டுகிறவனிடம் போய் என்ன ஆரோக்கியம் பேசுவது?

அதனால் என் ப்ராஜெக்டுக்கு உங்க டிப்போவை எடுக்கலாம் என்றிருக்கிறேன். ட்ரிப்புக்கும் ட்ரிப்புக்கும் நடுவே எவ்வளவு நேரம் கிடைக்கிறது, எங்கே சாப்பிடுகிறீர்கள், படுக்க இடம் உண்டா, எல்லாம் எழுது. உன் கண்டக்டரையும் கேள். உட்கார்ந்தே டிக்கெட் கிழிக்கிற ஆள் என்றால் அதையும் மறைக்காமல் எழுது.

அப்புறம், தங்கச்சியின் தையல் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி அளந்து அனுப்பு. நம்ம ஊர் ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. வயிற்றை எக்காதே, டேப்பைத் தங்கச்சியே பிடிக்கட்டும்.

உன்,
விசில் மாஸ்டர்