ஒட்டன்சத்திரத்து ஏஜென்ட்டுக்கு

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. காப்பீட்டு ஏஜென்ட் பரீட்சையில் தேறி நியமனக் கடிதமும் வந்துவிட்டதில் ரொம்ப சந்தோஷம். தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக்காரர்களுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டு, உன் படமும் செல் நம்பரும் போட்ட ஃபிளெக்ஸ் கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். மோர் கொடு, புண்ணியம். ஃபிளெக்ஸ் வேண்டாம். அந்த வழியே நடப்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரனுக்கு உன் முகம் தெரியும். நாளைக்கு வீட்டில் ஒன்று ஆகிவிட்டால் நீ வந்து நிற்பாயா என்பதுதான் தெரியாது.

அதனால் கிளெய்ம் வேலையிலிருந்து, அதாவது இறந்தவர் குடும்பத்துக்குப் பாலிசிப் பணம் வாங்கிக் கொடுப்பதிலிருந்து தொடங்கு. யார் போட்ட பாலிசி என்று பார்க்காதே. போட்ட ஏஜென்ட் வேலையை விட்டுப் போயிருப்பார், அல்லது ஊரை விட்டே போயிருப்பார். அந்தப் பாலிசிகளுக்கு நாதி இல்லை. கமிஷன் வராத வேலைதான், ஆனாலும் செய்.

துக்க வீட்டில் முதல் நாள் பாலிசிப் பேச்சே கூடாது. இரண்டு மூன்று நாள் கழித்து, விவரம் தெரிந்த ஒருவரைத் தனியே கூப்பிட்டு ஒன்று மட்டும் சொல்: இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். அதற்குள் என்றால் கட்டணம் இல்லை. 30 நாள் தாண்டினால் அனுமதி வாங்க அலைய வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் உத்தரவு வாங்கும் அளவுக்குப் போகும். பதியும்போதே பெயரும் இனிஷியலும் ஆதாரோடும் பாலிசியோடும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல். 'முருகன்', 'முருகேசன்' குழப்பத்திலேயே மாதக்கணக்கில் நிற்கிற கிளெய்ம்கள் உண்டு.

காரியம் முடிந்த பிறகு அசல் பாலிசிப் பத்திரம், இறப்புச் சான்று, நாமினியின் ஆதார், அவர் பெயரில் உள்ள பாஸ்புக்கின் முதல் பக்கம் அல்லது கேன்சல் செய்த செக் ஆகியவற்றை எடுத்து வைக்கச் சொல். எல்ஐசி என்றால் கிளெய்முக்கு 3783 எண் படிவம். பாலிசி எடுத்து மூன்று வருடத்துக்குள் இறந்திருந்தால் விசாரணை வரும், ஆஸ்பத்திரிச் சான்றும் கேட்பார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதை மறைத்துப் படிவம் நிரப்பியிருந்தால் அங்கேதான் மாட்டும். மூன்று வருடம் கடந்துவிட்டால் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அதை நம்பி நீ யாருக்கும் மறைத்து எழுதிக் கொடுக்காதே.

அடுத்தது காய்கறி மார்க்கெட். மண்டி முதலாளிகளை விட்டுவிடு, அவர்களைச் சுற்றி ஏற்கெனவே பத்து ஏஜென்ட் இருப்பார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவர்கள் பக்கம் போ. மத்திய அரசின் இரண்டு காப்பீட்டுத் திட்டங்களைச் சொல்: வருடம் 20 ரூபாயில் விபத்துக்கு 2 லட்சம் (18 முதல் 70 வயது), 436 ரூபாயில் எந்த மரணத்துக்கும் 2 லட்சம் (18 முதல் 50 வயதுக்குள் சேரலாம்). இரண்டும் வங்கிக் கணக்கு வழியாக. உனக்கு இதில் சொல்லிக்கொள்ளும்படி வருமானம் இல்லை. காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசி வாரம் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பிடித்தம் நடக்காது, காப்பும் நின்றுபோகும். பலருக்கு அது நின்றதே தெரியாது. ஆகவே மே 20 வாக்கில் ஒரு நடை போய் ஒவ்வொருவரிடமும் ஞாபகப்படுத்து. ஒரே திட்டத்துக்கு இரண்டு வங்கியில் பிடித்தம் போனாலும் கிடைப்பது ஒரே 2 லட்சம்தான். 436 ரூபாய்த் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும். சாலை விபத்தில் போனவரைப் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று தூக்கி வந்துவிட்டால் கிளெய்ம் சிக்கிக்கொள்ளும். பாம்பு கடித்தாலோ மரத்திலிருந்து விழுந்தாலோ உடனே சேர்த்த ஆஸ்பத்திரியின் பதிவு வேண்டும். இதையெல்லாம் வீட்டுப் பெண்களிடமும் சொல்லி வை. பாலிசி இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாமல் போவதுதான் இந்தத் திட்டங்களில் பெரிய கொடுமை.

மகளிர் சுய உதவிக் குழுவில் பேசப் பத்து நிமிடம் நேரம் கேள். உன் பாலிசியை விற்காதே. வீட்டிலிருக்கும் பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லி நாமினி யார் என்று மட்டும் பார்த்துக் கொடு. கல்யாணத்துக்கு முன் எடுத்ததில் அம்மா பெயரே இருக்கும். நாமினி 18 வயதுக்குள் என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளப் பெரியவர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும், அந்த இடம் காலியாகக் கிடக்கும். இரண்டையும் ஒரு படிவத்தில் மாற்றிவிடலாம்.

"முதல் தவணையை நீயே கட்டிடு, நான் எடுத்துக்கறேன்" என்று பங்காளியே கேட்பான். அதே காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் அது குற்றம், அபராதம் 10 லட்சம் வரை. சட்டத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். "உனக்குக் கொடுத்தால் தெருவுக்கே கொடுக்கணும்" என்று சொல், புரியும். தவணைப் பணத்தையும் கையில் வாங்காதே. தேதி தாண்டியும் தவணை கட்ட விடும் சலுகை நாள் மாதத் தவணைக்கு 15தான், மற்றவற்றுக்கு 30. உன் சட்டைப் பையில் இருக்கும் பணம் கம்பெனிக்குப் போன பணமாகாது. இடையில் ஏதாவது ஆனால் ஊரில் தலைகாட்ட முடியாது. வங்கியிலேயே பிடித்தம் செய்ய எழுதிக் கொடுத்துவிடு.

யார் எவ்வளவுக்குப் பாலிசி எடுத்தார் என்பதை டீக்கடையில் பேசாதே. கோயில் நன்கொடை கொடுத்தால் எல்லாத் தெருக் கோயிலுக்கும் ஒரே தொகை, இல்லையென்றால் எதற்கும் வேண்டாம். கட்சிக்காரர் பேனரில் உன் பெயர் வரவே கூடாது. பாதி ஊர் கைவிட்டுப் போகும்.

உன் பக்கத்து வங்கி மேலாளரை இந்த மாதமே பார்த்து, அந்த இரண்டு திட்டங்களின் படிவமும் தமிழில் இருக்கிறதா என்று கேட்டு எழுது. வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு