நாவல் எழுதிய ஆண்டு: நம் வாசகர் வட்டத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சிக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வர முடியாமல் இதைப் போனில் படிக்கப்போகும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் தொடங்கி மார்ச் வரை பதினொரு மாதக் கூட்டங்கள் நடந்தன, மே மாதம் வெயிலால் விட்டுப்போனது. டிசம்பர் 11 பாரதி பிறந்தநாளுக்கு வேன் வைத்து எட்டயபுரம் போய் வந்தோம். பிப்ரவரி 27 சுஜாதா நினைவு நாளில் வாசிப்பு நடந்தது. பிள்ளைகளுக்கான கதைப் போட்டி நடக்கவில்லை, பொறுப்பெடுத்தவர் ஊர் மாறிப் போய்விட்டார்.

இனி நாவல். ஜூன் கூட்டத்தில் நாம் எல்லாரும் கை தூக்கித்தான் இதை முடிவு செய்தோம், மினிட்ஸ் நோட்டில் கையெழுத்துகள் இருக்கின்றன. விண்வெளியில் ஓடி ஒளியும் குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணைப் பற்றி, சிரிக்கச் சிரிக்க ஒரு சாகச நாவல், ஆளுக்கு ஒரு அத்தியாயம், மொத்தம் பன்னிரண்டு. செயலாளர் தன் ஆசைக்காக வட்டத்தையே இழுத்துக்கொண்டு போகிறார் என்று சிலர் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது. அதனால்தான் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கூட்டம் முழுக்க அந்தப் பெண்ணின் தொழிலுக்குப் பெயர் வைப்பதிலேயே போனது. பவுண்டி ஹண்டர் என்றே விட்டுவிடலாம் என்றார்கள், வெகுமதி வேட்டையர் என்றார்கள், எதுவும் வாயில் ஒட்டவில்லை. கடைசியில் டீச்சர் அக்காதான், "காணவில்லை விளம்பரத்துல தகவல் தருவோருக்குத் தக்க சன்மானம்னுதானே போடுவாங்க, அதை வாங்கிப் பிழைக்கிறவ சன்மானக்காரி" என்றார். அந்த ஒரு சொல் வந்ததும் நாயகியின் பேச்சு, நடை, கோபம் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. அவளுக்குத் தவணையில் வாங்கிய பழைய கப்பல். அவள் துரத்துகிறவன் ஐந்து விண்வெளி நிலையங்களில் சீட்டு பிடித்துப் பணத்தைச் சுருட்டியவன். அவனிடம் ஏமாந்தவர்களில் அவளுடைய அம்மாவும் உண்டு என்பது நாலாம் அத்தியாயத்தில்தான் தெரியும்.

சட்ட விஷயத்துக்கு வக்கீல் தம்பி செய்த உதவியை மறக்க முடியாது. அமெரிக்காவில் ஜாமீன் கொடுத்தவரோ அவருடைய ஆளோ தப்பியவனை வேறு மாநிலம் வரை துரத்தலாம், தேவைப்பட்டால் வீட்டுக் கதவை உடைத்துக்கூடப் பிடிக்கலாம் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1872-லேயே சொல்லியிருக்கிறது. நம் ஊரில் ஜாமீன்தாரர் மனுப் போட்டு ஜாமீனிலிருந்து விலகிக்கொள்ளத்தான் முடியும், துரத்திக்கொண்டு போவதெல்லாம் கிடையாது. விண்வெளிக்கு என்ன வழி என்று கேட்டால், நாடுகள் போட்ட 1967 விண்வெளி ஒப்பந்தப்படி கப்பல் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக்குத்தான் கப்பல் மேலும் அதில் இருப்பவர்கள் மேலும் அதிகாரம் என்றார். சீட்டுக்காரன் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் பக்கத்துக் கப்பலுக்குத் தாவி வேறு நாட்டுக்காரனாகிவிடும் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இந்த ஒரு வரியிலிருந்து பிறந்தது. அதை வாசித்த அன்று மாடி அறையில் கேட்ட சிரிப்புக்குக் கீழே நூலகத்தில் இருந்தவர்கள் ஏறி வந்து பார்த்தார்கள்.

அப்புறம் ஒன்பதாம் அத்தியாயம். இதைப் பற்றித்தான் மனவருத்தம் வந்தது. துரத்தல் செரிஸில் நடக்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களில் பெரியது, குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர், 1801 ஜனவரி 1-ல் இத்தாலிய வானியலாளர் பியாசி கண்டுபிடித்தது. முதலில் வந்த படியில் சீட்டுக்காரன் கிடங்குக்குள் தடதடவென்று ஓடுகிறான், காற்றில் எம்பித் திரும்பி வேறு பக்கம் பாய்கிறான். நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். எழுதியவர், "சிரிப்புக் கதைதானே, இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்" என்று கேட்டார். நான் அன்று சொன்னதையே இங்கும் சொல்கிறேன். செரிஸின் ஈர்ப்பு பூமியில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்குதான், 70 கிலோ ஆள் அங்கே நிறுத்தால் 2 கிலோ. இங்கே ஒன்றரை அடி எகிறுகிற ஒருவன் அங்கே அதே வேகத்தில் எகிறினால் நாற்பத்தைந்து அடிக்கு மேல் போவான், தரைக்கு வர ஏறக்குறைய இருபது விநாடி ஆகும். நடுவழியில் திரும்ப முடியாது.

இப்போது இருக்கும் படியில், தப்பிக்கப் பதறி எகிறிய சீட்டுக்காரன் மெதுவாக மேலே போய் மெதுவாகக் கீழே வருகிறான். சன்மானக்காரி சுவர்க் கம்பியைப் பிடித்து நகர்ந்து, அவன் எங்கே இறங்குவான் என்று கணக்குப் பார்த்து, அங்கே விலங்கைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்த இருபது விநாடியில் அவன் பாதிப் பணம் தருகிறேன் என்கிறான், முக்கால் என்கிறான், உங்கள் அம்மா சீட்டை மட்டும் வட்டியோடு தருகிறேன் என்கிறான், முழங்கால் உயரத்துக்கு வரும்போது அழுகிறான். கணக்கு சரியாக இருந்ததால்தான் இந்தக் காட்சியே கிடைத்தது. இதற்காக ஒருவர் மூன்று மாதமாகக் கூட்டத்துக்கு வராமல் இருப்பது எனக்குப் பெரிய வலி. அண்ணே, அந்த அத்தியாயத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறது, இருக்கும்.

உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த நம் அண்ணாச்சி செரிஸின் ஆக்கேட்டர் பள்ளத்தை எழுதிய விதத்தையும் சொல்ல வேண்டும். 2015-ல் டான் விண்கலம் அங்கே போய்ப் பார்த்த வெள்ளைத் திட்டுகள் பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா வகை. நம் தூத்துக்குடி உப்பு வேறு. ஆனால் நடுப்பகலில் பாத்திக்குள் நிற்பவனுக்குக் கண் எப்படிக் கூசும், உள்ளங்கால் வெடிப்பில் உப்பு எப்படிக் காந்தும் என்று அவர் எழுதிய பக்கத்தை வேறு யாராலும் எழுதியிருக்க முடியாது.

பன்னிரண்டில் ஏழு அத்தியாயங்கள் உறுப்பினர்களிடமிருந்து வந்தன. இரண்டை நான் எழுதினேன், வேறு வழியில்லாமல்தான். மூன்று இன்னும் வரவில்லை. எடுத்துக்கொண்டவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும், பெயர் வேண்டாம். குரூப்பில் தினமும் காலை வணக்கம் வருகிறது, அத்தியாயம் வரவில்லை. ஜனவரிக் கூட்டத்தில் நாலு பேர் இருந்தோம், அதில் ஒருவர் குடையை மறந்துவிட்டு எடுக்க வந்தவர். இதற்கிடையில் டைப் அடிக்கக் கொடுத்த இடத்தில் பழைய எழுத்துருவை மாற்றும்போது கொம்புகள் எல்லாம் இடம் மாறி, அறுபது பக்கத்தை டீச்சர் அக்காவும் நானும் ஒவ்வொரு எழுத்தாகத் திருத்தினோம்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு சொல்லும்படி இல்லை. மாதம் 50 ரூபாய் சந்தாவில் ஒன்பது பேர் வருஷம் முழுக்கப் பாக்கி. வாடகையும் டீச் செலவும் போக அச்சுக்கு என்று ஒதுக்க எதுவும் மிஞ்சவில்லை.

மாடி அறை கொடுத்தவர்களுக்கும், பொருளாளருக்கும், ஒவ்வொரு மாதமும் நாற்காலி போட்ட தம்பிகளுக்கும், எட்டயபுரம் வேனுக்குச் சொல்லிவிட்ட மதினிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் மனமார ஒப்படைக்கிறேன். நாவலை முடிக்கும்வரை நானே இருக்க வேண்டும் என்று பொதுக்குழு சொன்னால் மறுக்க மாட்டேன். எப்படியானாலும் மிச்சமிருக்கும் மூன்று அத்தியாயங்களில்தான் சீட்டுப் பணம் ஐந்து நிலையங்களுக்கும் திரும்பிப் போகிறது, அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சு மறுபடி தொடங்குகிறது. அவற்றை இந்த வட்டத்தின் ஆட்கள் எழுதினால்தான் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த கூட்டம் ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு மாலை 5 மணி. நாலரைக்கே அறையைத் திறந்து வைத்திருப்பேன், சந்தா நோட்டும் மேசையில் இருக்கும்.

செயலாளர்