‘புகார் எதுவும் இல்லை’ என்று கையெழுத்திட்டவள் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகள் திறக்கும் நேரம் என்பதால் இதை எழுதுகிறேன். அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். கடைசி ஆறு ஆண்டுகள், பாலியல் தொல்லை குறித்த புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் (ஐ.சி.சி. என்றால்தான் பலருக்குப் புரியும்) உறுப்பினராக இருந்தேன். ஆண்டுதோறும் அறிக்கை தயாரிப்போம். வந்த புகார்கள் எத்தனை என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவோம். ஆறு ஆண்டும் அப்படித்தான். அது கல்லூரிக்கு நல்ல பெயர் என்று நானும் நம்பினேன்.

அந்த ஆறில் ஓர் ஆண்டு, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, மாலையில் துறை அறை காலியாகும்வரை வெளியே காத்திருந்து உள்ளே வந்தாள். “மேம், யார்கிட்டயும் சொல்லிட மாட்டீங்களே?” என்றுதான் ஆரம்பித்தாள். ஆய்வக வகுப்பு எடுக்கும் ஆசிரியர் இரவில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கத் தனியாக வரச் சொல்கிறார். ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். இன்டர்னல் மார்க் அவர் கையில். அதற்குப் பயந்தே அவள் நான்கு மாதம் வாய் திறக்கவில்லை.

குழுத் தலைவியிடம் சொன்னேன். “மூணு மாசம் தாண்டிருச்சே, இனிமே எடுக்க முடியாது” என்றார். அப்புறம் அவளைக் கூப்பிட்டுப் பேசினோம். எழுதித் தருகிறாயா என்று கேட்டோம்; கேட்கும்போதே, வெளியே தெரிந்தால் உன் பெயர்தான் கெடும் என்றும் சொல்லிவைத்தோம். யாரோ வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு அவளை அழைத்துப் போய்விட்டார். அந்த ஆசிரியர் அடுத்த செமஸ்டரும் அதே ஆய்வகத்தில் நின்றார். அந்த ஆண்டு அறிக்கையிலும் ‘இல்லை’ என்றே எழுதிக் கையெழுத்திட்டேன்.

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) இதற்காக 2015-இல் வெளியிட்ட விதிமுறைகளை ஓய்வுபெற்ற பிறகுதான் முழுதாகப் படித்தேன். கடைசியாகத் தொல்லை நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணால் முன்பே வர முடியாத சூழல் இருந்திருந்தால், காரணத்தைப் பதிவுசெய்துவிட்டு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்று அங்கேயே இருக்கிறது. அவள் வந்தது நான்காவது மாதம். குழுவில் ஆறு ஆண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வரி தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. விசாரணை முடியும்வரை, புகார் சொன்ன மாணவியின் தேர்வுத்தாளையோ மதிப்பெண்ணையோ குற்றம் சாட்டப்பட்டவர் தொடக் கூடாது என்று தடுக்கலாம். அவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம். மாணவிக்கு மூன்று மாதம்வரை விடுப்பு கொடுத்து, அதனால் அவள் படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு மனசு தாங்கவில்லை. அவள் பயந்ததெல்லாம் மார்க்குக்குத்தான். அந்தப் பயத்தைப் போக்க வழி எங்கள் கையிலேயே இருந்தது. ‘உன் மார்க்கை அவர் போட மாட்டார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் படிப்பை முடித்திருப்பாள் என்றே நினைக்கிறேன். இந்த மாதிரி விஷயங்களில் தண்டனையைப் பற்றியே பேசுகிறோம். விசாரணைக்குக் காலக்கெடு 90 நாள். அந்த 90 நாளும் அவள் எந்த வகுப்பில் உட்காருவாள், யார் முகத்தில் விழிப்பாள் என்று யாரும் கேட்பதில்லை.

குழு அமைவதிலும் இதே கதைதான். விஷயம் மாணவர்கள் தொடர்பானது என்றால், முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகள் குழுவில் இருக்க வேண்டும். துறைத்தலைவர், டீன், பதிவாளர் போன்ற பொறுப்பில் இருப்பவர்கள் இருக்கக் கூடாது. எங்கள் குழுவில் மாணவிகள் யார் என்று ஒரு வகுப்பில் கேட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தேர்தல் நடந்தால்தானே தெரியும்?

பெயர் கெடும் என்று நாங்கள் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் கொடுமைக்கு ஆளான மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவர் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்துவிட்டது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்டு விசாரிக்கவும் சொன்னது. 2025 ஜூனில், தண்டனைக் குறைப்பின்றிக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் இருக்கும்படி ஆயுள் தண்டனைத் தீர்ப்பு வந்தது. அந்தப் பெண் சொல்லியிருக்காவிட்டால் இதில் எதுவுமே நடந்திருக்காது. ஊர் முழுக்க விவரம் போன பிறகும் அவர் பின்வாங்கவில்லை. நாங்களோ ஒரு பிள்ளையைப் பேசுவதற்கு முன்பே பயமுறுத்தினோம்.

பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும், விடுதியில் அடி வாங்கிய பையன் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்றுதான் சொல்கிறான். சேர்க்கையின்போது கொடுக்கும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியைப் பெற்றோர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அன்றைக்கே பிள்ளையிடம், எது நடந்தாலும் படிப்பை நிறுத்த மாட்டோம் என்றும் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குச் சொன்னால் படிப்பு நின்றுவிடும் என்ற பயத்தில்தான் பெண் பிள்ளைகள் பலர் மறைக்கிறார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஜூன், ஜூலை முழுக்க இதழில் ஒரு மூலையில் சில வரிகளை மட்டும் போட முடியுமா? பெண்கள் உதவி எண் 181. ராகிங் புகாருக்கு 1800-180-5522. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை வேறு என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஐ.சி.சி.க்கு மூன்று மாதம், தேவைப்பட்டால் இன்னும் மூன்று மாதம்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். என்னைத் தெரிந்தவர்களுக்கு அந்த மாணவி யாரென்றும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர்